'கொக்கு' வாசிக்கத் திணறும் பிள்ளை

அன்புள்ள ஐயா,

என் மகன் அரசுப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு படிக்கிறான். இன்னும் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்கிறான். 'கொக்கு' என்றால் 'கெ... கா...' என்று திணறுகிறான். பழைய பாடமென்றால் புத்தகத்தைப் பார்க்காமலே ஒப்பிக்கிறான். தினமும் ஒரு மணி நேரம் உட்கார வைக்கிறேன், பாதி நாள் அழுகையில்தான் முடிகிறது. நான் பத்தாவது வரைதான் படித்தேன். ட்யூஷனில் சேர்த்துவிடலாமா?

ச., திண்டுக்கல்

அன்புள்ள ச.,

ட்யூஷன் இப்போது வேண்டாம். அந்த ஒரு மணி நேரத்தை முதலில் பத்து நிமிடமாகக் குறையுங்கள். அழுகை நின்றால்தான் மற்றதைப் பேச முடியும்.

'கொக்கு' விஷயத்தில் உங்கள் மகன் மேல் தவறே இல்லை. காதில் விழுவது முதலில் 'க்', அப்புறம் 'ஒ'. தாளிலோ ஒற்றைக்கொம்பு முன்னால் நிற்கிறது, நடுவில் 'க', பின்னால் கால். இடமிருந்து வலமாகப் போகும் பிள்ளை 'கெ'யையும் காலையும் தனித்தனியாகப் பார்க்கிறான். கண்ணில் பட்ட வரிசையில் சரியாகத்தான் படிக்கிறான். சிலேட்டில் முதலில் 'க' எழுதுங்கள். முன்னால் கொம்பு, பின்னால் கால் போட்டுவிட்டு, மூன்றையும் ஒரு வட்டத்துக்குள் அடைத்து 'கொ' என்று ஒரே மூச்சில் சொல்லுங்கள். பொம்மை, தோசை, சோறு, கோழி என்று அவன் வாயில் தினமும் புழங்கும் சொற்களாகவே எடுங்கள். பாட்டி பழைய முறையில் தும்பிக்கை வைத்து 'லை' எழுதுபவராக இருந்தால் அதையும் காட்டலாம். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்னால் பெரும்பாலோர் அப்படித்தான் எழுதினார்கள்.

வாசிக்கும்போது தடுக்கினால் மனதுக்குள் ஐந்து எண்ணுங்கள். வரவில்லையா, சொல்லை நீங்களே சொல்லிவிட்டு மேலே போகவிடுங்கள். வரியின் தொடக்கத்துக்குத் திருப்பி அனுப்ப வேண்டாம். என் மகளிடம் நான் செய்த தவறு அதுதான். ஒவ்வொரு பிழைக்கும் நிறுத்தினேன். சில வாரங்களில் அவள் ஒவ்வொரு சொல்லுக்கும் புத்தகத்தை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்க்க ஆரம்பித்தாள். அந்தப் பார்வை மாற நெடுநாள் ஆனது. பொருள் கெடும் இடத்தில் மட்டும் நிறுத்துங்கள். 'பள்ளிக்குப் போனான்' என்பதைப் 'பல்லிக்குப் போனான்' என்று படித்தால், "பல்லிக்கா போனான்?" என்று கேளுங்கள். அவனே திருத்திக்கொள்வான்.

ஒப்பிப்பதற்காகத் திட்டாதீர்கள். தெரிந்த கதையைத் திரும்பத் திரும்பப் படிப்பது நல்லதுதான். விரலைச் சொல்லுக்குக் கீழே நகர்த்திக்கொண்டே படிக்கச் சொல்லுங்கள். முடிந்ததும் "இந்தப் பக்கத்தில் 'குளம்' எங்கே இருக்கிறது?" என்று நடுவிலிருந்து ஒரு சொல்லைக் கேளுங்கள்.

தமிழக அரசுப் பள்ளிகளில் தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்கு எழுத்தும் எண்ணும் கற்பிக்கும் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில், தொடக்க நிலையிலிருந்து அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைகள் உண்டு. மகன் எதில் இருக்கிறான் என்று ஆசிரியரிடம் கேளுங்கள். அரும்பு என்றால் மனம் தளராதீர்கள், வீட்டிலும் அங்கிருந்தே தொடங்குங்கள். பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம் வெளியிட்ட சிறு நூல்கள் பள்ளியில் இருந்தால், அவற்றில் மிக எளிய 'நுழை' வரிசையில் ஒன்றைக் கேட்டுப் பாருங்கள். ஸ்டோரிவீவர் (StoryWeaver) என்ற சிறுவர் கதை இணையதளத்தில் தமிழ்க் கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. முதல் நிலைக் கதைகளில் ஒரு பக்கத்துக்கு ஓரிரு வரிதான் இருக்கும்.

புத்தகத்தை முகத்துக்கு மிக அருகில் பிடிக்கிறானா, வரி தாவுகிறானா என்று கவனியுங்கள். அப்படியென்றால் முதலில் கண்ணைப் பரிசோதியுங்கள். சில மாதம் இப்படிச் செய்தும் எழுத்துகளே பிடிபடவில்லை என்றால், கற்றல் குறைபாடு இருக்குமா என்று பார்க்கும்படி ஆசிரியரிடம் தயங்காமல் சொல்லுங்கள்.

உங்கள் பத்தாம் வகுப்பு இதற்குத் தாராளமாகப் போதும். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகூட பக்கத்தில் உட்கார்ந்து "அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்கலாம். இன்றிரவு புத்தகத்தை அவனே எடுக்கட்டும். ஒரு பக்கம் நீங்கள், ஒரு பக்கம் அவன். ஒரு மாதம் கழித்து எப்படி இருக்கிறான் என்று எழுதுங்கள், காத்திருப்பேன்.