இஞ்சி பியரை ஆற்றும் செம்புச் சுருள்: வாங்குவதா, செய்வதா?

காய்ச்சிய 20 லீற்றர் இஞ்சி பியரை விரைவாக ஆற்ற, பானைக்குள் இறக்கிக் குளிர்ந்த தண்ணீரை உள்ளே ஓடவிடும் செம்புச் சுருள் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வாங்க வேண்டாம், நீங்களே செய்யுங்கள். ஐந்து லீற்றர்தான் என்றால் அதுவும் வேண்டாம். நுவரெலியாவின் குழாய்த் தண்ணீர் நிரம்பிய தொட்டியில் பானையை இறக்கினால் போதும்.

குளிர்சாதனப் பெட்டி திருத்துபவரிடம் முக்கால் அங்குலம், அரை அங்குலம் எல்லாம் கேட்காதீர்கள். எட்டில் மூன்று அங்குலச் செம்புக் குழாய், 25 அடி. உள்ளே உப்பையோ மணலையோ இறுக நிரப்பி, சிறிய பானையொன்றைச் சுற்றி வளையுங்கள். வெறுங்குழாயை வளைத்தால் மடிந்துவிடும், காசு போச்சு. பிறகு நன்றாகக் கழுவி, வினாகிரியால் துடையுங்கள்.

சுருளுக்குள் தண்ணீரைக் கொண்டுவரும், வெளியேற்றும் இறப்பர்க் குழாய்களின் இணைப்புகள் பானைக்கு வெளியே இருக்கட்டும். எனக்கு முதல்முறை கவ்வி கழன்று, பச்சைத் தண்ணீர் முழுவதும் பானைக்குள் போய்விட்டது.

கொதி அடங்குவதற்குப் பதினைந்து நிமிடத்துக்கு முன் சுருளை உள்ளே இறக்கினால் கிருமி நீங்கும். (நுவரெலியாவின் 1868 மீற்றர் உயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடுகிறது.) அடுப்பை அணைத்தபின் தண்ணீரைத் திறந்து, சுருளை மெல்ல அசைத்துக்கொண்டே இருங்கள். முதலில் வெளிவரும் சுடுநீரை வாளியில் பிடியுங்கள். இந்தக் குளிரில் அதை வீணாக்க மனம் வராது. 25 பாகைக்குக் கீழே இறங்கியதும் ஈஸ்ட் சேர்க்கலாம். கொதிசூட்டில் அது செத்துவிடும்.

எலுமிச்சைச் சாற்றைச் சுருளை எடுத்த பிறகே ஊற்றுங்கள். புளிப்பு செம்பை அரிக்கும்.

பார்லி பியருக்கும் இதே சுருள்தான். ஆனால் அனுமதிப்பத்திரமின்றி அதைத் தயாரிப்பது இங்கே குற்றம்.