புதிர்த் திண்ணை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஞாயிறு மாலையில் வீட்டில் ஏழெட்டுப் பேர் கூடிக் கணக்குப் புதிர் போடுகிறோம். அக்கா மகன் பத்தாம் வகுப்பு. சொல்லி முடிப்பதற்குள் விடையைச் சொல்லிவிடுகிறான். மற்றவர்களுக்குச் சப்பென்று ஆகிவிடுகிறது. என்ன செய்யலாம்?
*ஈரோடு வாசகி*

பதில்: அவனை அடக்க வேண்டாம், வேறு வேலை கொடுங்கள். புதிரைச் சொன்னதும் ஐந்து நிமிடம் யாரும் வாய் திறக்கக் கூடாது. விடை தெரிந்தவர் சீட்டில் எழுதி மடித்துத் தம்ளருக்கு அடியில் வைத்துவிடட்டும். அதற்குப் பிறகு அவர் பேசலாம், ஆனால் கேள்வி மட்டும்தான் கேட்கலாம். "இதையே சின்ன எண்ணில் போட்டுப் பார்த்தாயா?", "மொத்தம் எவ்வளவு வருகிறது?" என்கிற மாதிரி. விடையை உடைக்காமல் வழியை மட்டும் காட்டுவது, விடை கண்டுபிடிப்பதைவிடக் கஷ்டம். கெட்டிக்காரப் பையனுக்கு அதுவே நல்ல தீனி.

சின்னப் பிள்ளைகளும் இருந்தால் கையில் ஏதாவது இருக்க வேண்டும். 21 புளியங்கொட்டை போதும். இரண்டு பேர் மாறி மாறி 1, 2 அல்லது 3 கொட்டை எடுக்கலாம், கடைசிக் கொட்டையை எடுப்பவருக்கு வெற்றி. முதல் ஆள் ஒன்றை எடுத்து 20 மீதி வைத்து, பிறகு எதிராளி எடுத்ததோடு சேர்த்து நான்காகும்படி எடுத்துக்கொண்டே போனால் அவரை அசைக்க முடியாது. இந்தச் சூட்சுமம் ஒருவருக்குப் பிடிபட்டதும், கடைசிக் கொட்டை எடுப்பவர் தோற்றார் என்று விதியை மாற்றுங்கள். அதே 21 கொட்டையில் இப்போது முதலில் எடுப்பவர் மாட்டிக்கொள்வார்.

கேள்வி: பாட்டி சொன்ன கணக்கு இது. 81 பசுக்கள். முதல் பசு 1 படி பால் கறக்கும், இரண்டாவது 2 படி, இப்படியே 81ஆவது பசு 81 படி. 9 பிள்ளைகளுக்கும் பசுக்களும் சமமாக வர வேண்டும், பாலும் சமமாக வர வேண்டும். அடித்து அடித்து எழுதித் தாள்தான் தீர்ந்தது. ஒழுங்கான வழி இருக்கிறதா?
*தஞ்சாவூர் வாசகர்*

பதில்: இருக்கிறது. மொத்தப் பால் 3321 படி, ஆளுக்கு 369. ஆனால் 81இல் தொடங்காதீர்கள். 9 பசு, 3 பிள்ளை என்று சுருக்கிக்கொள்ளுங்கள். மொத்தம் 45, ஆளுக்கு 15.

1 2 3
4 5 6
7 8 9

எல்லோரும் முதலில் செங்குத்தாகப் பிரிப்பார்கள். 12, 15, 18 என்று வரும். ஒவ்வொரு வரிசையிலும் மூன்றாம் பிள்ளைக்கே பெரிய எண் போய்ச் சேருவதுதான் கோளாறு. ஆகவே ஒவ்வொரு வரிசைக்கும் ஓர் இடம் தள்ளிக்கொண்டே போக வேண்டும். மூத்தவனுக்கு 1, 5, 9. அடுத்தவனுக்கு 2, 6, பிறகு வரிசை முடிந்துவிட்டதால் திரும்பித் தொடக்கத்துக்கு வந்து 7. கடைசிப் பிள்ளைக்கு 3, 4, 8. எல்லாம் 15.

81 பசுவுக்கும் இதேதான். ஒன்பது ஒன்பதாக ஒன்பது வரிசை எழுதி, மூத்தவனுக்கு 1, 11, 21 என்று 81 வரை கொடுங்கள். இரண்டாமவனுக்கு 2, 12, 22 என்று போய் 72 வந்ததும் அடுத்த வரிசையின் தொடக்கத்தில் உள்ள 73. மற்றவர்களுக்கும் இப்படியே. ஏன் சரியாக வருகிறது என்றால், ஒவ்வொரு பிள்ளையும் எல்லா வரிசையிலும் ஒரு பசு, எல்லா நிரலிலும் ஒரு பசு எடுக்கிறான். செங்குத்தாகப் பிரித்தால் முதல் பிள்ளைக்கு 333, கடைசிப் பிள்ளைக்கு 405.

கூட்டத்தில் போடும்போது 1 முதல் 81 வரை துண்டுக் காகிதத்தில் எழுதித் தரையில் பரப்புங்கள். ஒன்பது பேருக்கும் வேலை இருக்கும். நீங்களே இதுபோல் ஒன்று புனைந்தால் மொத்தத்தை முதலில் பாருங்கள். 6 பசுவை 2 பிள்ளைகளுக்குப் பிரிக்கச் சொன்னால் மொத்தம் 21, ஒற்றைப்படை. எவ்வளவு நேரம் உட்கார்ந்தாலும் வராது.

கேள்வி: 12 நாணயங்களில் ஒன்று கள்ளநாணயம். அது எடை கூடியதா குறைந்ததா என்றும் தெரியாது. தராசில் மூன்றே முறை நிறுத்துக் கண்டுபிடிக்க வேண்டும். ஆறுக்கு ஆறு வைத்துத் தொடங்கினோம், எங்கும் போய்ச் சேரவில்லை. வீட்டில் தராசும் கிடையாது.
*மதுரை வாசகர்கள்*

பதில்: தராசை முதலில் தீர்த்துவிடுவோம். ஒருவர் தராசாக உட்காரட்டும். "7, கூடுதல்" என்று சீட்டில் எழுதிக் கையில் ஒளித்துக்கொள்வார். மற்றவர்கள் 1 முதல் 12 வரை எண் எழுதிய சோடா மூடிகளை இரண்டு தட்டுகளில் வைப்பார்கள். "இடது இறங்குது", "வலது இறங்குது", "சமம்", இந்த மூன்றைத் தவிர அவர் எதுவும் பேசக் கூடாது. ஒவ்வொரு முறையும் சீட்டைப் பார்த்துவிட்டே சொல்ல வேண்டும். கள்ளநாணயம் குறைவு என்றிருக்கும்போது அது இருக்கும் தட்டு மேலே போகும். தராசுக்காரர்கள் தடுமாறுவது அங்கேதான், ஒரு பதில் தவறினால் ஆட்டமே பாழ்.

இனி கணக்கு. 12 நாணயம், ஒவ்வொன்றும் கூடவோ குறையவோ இருக்கலாம், ஆக 24 சாத்தியங்கள். ஒரு நிறுவைக்கு மூன்று பதில், எனவே இரண்டு நிறுவை மீதி இருக்கும்போது 9 சாத்தியங்களுக்கு மேல் பிரிக்க முடியாது. ஆறுக்கு ஆறு வைத்தால் தராசு கட்டாயம் சாயும், 12 சாத்தியங்கள் மிஞ்சும். மூன்றுக்கு மூன்று வைத்துச் சமமானாலும் 12 மிஞ்சும். ஐந்துக்கு ஐந்து வைத்துச் சாய்ந்தால் 10. நான்குக்கு நான்கு வைத்தால் மட்டுமே சாய்ந்தாலும் 8, சமமானாலும் 8.

1, 2, 3, 4 ஒரு தட்டில், 5, 6, 7, 8 மறு தட்டில். சமமென்றால் 9, 10, 11ஐ மூன்று நல்ல நாணயங்களோடு நிறுங்கள். அதுவும் சமமென்றால் 12தான் கள்ளன், கூடவா குறைவா என்பதை ஒரு நல்ல நாணயத்தோடு நிறுத்துப் பாருங்கள். சாய்ந்தால் கூடவா குறைவா என்பது தெரிந்துவிடும், 9ஐயும் 10ஐயும் நிறுத்தால் முடிந்தது.

முதல் நிறுவையில் 1, 2, 3, 4 இறங்கியதாக வைத்துக்கொள்வோம். அடுத்து 1, 2, 5 ஒருபுறம், 3, 4, 6 மறுபுறம். இடது இறங்கினால் 1 அல்லது 2 கூடுதல், அல்லது 6 குறைவு. 1ஐயும் 2ஐயும் நிறுங்கள், இறங்குவது கள்ளன், சமமென்றால் 6. வலது இறங்கினால் 3, 4, 5இல் ஒன்று, அதே முறை. சமமென்றால் 7, 8இல் ஒன்று குறைவு, இரண்டையும் நிறுத்தால் மேலே போவது கள்ளன். முதலில் 5, 6, 7, 8 இறங்கியிருந்தால் 'கூடுதல்', 'குறைவு' இரண்டையும், அதேபோல் 'இறங்குவது', 'மேலே போவது' இரண்டையும் மாற்றிக்கொள்ளுங்கள்.

மூடிகளைப் பக்கம் மாற்றி வைப்பதில்தான் இந்தப் புதிரின் உயிரே இருக்கிறது. அதைப் பிள்ளைகள் தாங்களாகவே கண்டுபிடிக்கட்டும்.

கேள்வி: புலி, ஆடு, புல்லுக்கட்டு ஆறு கடக்கும் புதிரில் விடை ஏழு தடவையா, நாலு தடவையா?
*நாகர்கோவில் வாசகி*

பதில்: ஓடக்காரர் திரும்பி வருவதையும் சேர்த்தால் ஏழு, போவதை மட்டும் எண்ணினால் நாலு. ஆடு போக, வெறுங்கையாய் வர, புலி போக, ஆட்டோடு வர, புல் போக, வெறுங்கையாய் வர, ஆடு போக. எதை எண்ணுவது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், பாதிச் சண்டை குறையும்.

கேள்வி: இராமானுஜன் சமைத்துக்கொண்டே தீர்த்தார் என்கிற வீட்டு எண் புதிரை எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா?
*கும்பகோணம் ஆசிரியை*

பதில்: தாராளமாக. 1914 டிசம்பரில் ஸ்ட்ராண்ட் என்ற ஆங்கில இதழில் வந்த புதிர் அது. ஒரு தெருவில் 1, 2, 3 என்று வரிசையாக வீடுகள். ஒருவர் வீட்டுக்கு இடப்பக்கம் உள்ள எண்களின் கூட்டுத்தொகையும் வலப்பக்கம் உள்ள எண்களின் கூட்டுத்தொகையும் சமம். தெருவில் 50க்கு மேல், 500க்குள் வீடுகள். அவர் வீட்டு எண் என்ன? கேம்பிரிட்ஜில் நண்பர் மகலனோபிஸ் இதைப் படித்துக் காட்ட, இராமானுஜன் காய்கறியைக் கிளறிக்கொண்டே ஒரு தொடர்பின்னமாக (பின்னத்துக்குள் பின்னமாக நீண்டுகொண்டே போவது) விடை சொன்னார். அதில் இந்தத் தெருவின் விடை மட்டுமல்ல, எல்லா விடைகளும் அடக்கம்.

பிள்ளைகளுக்குத் தொடர்பின்னம் வேண்டாம். வீட்டு எண்ணைத் தன்னாலேயே பெருக்கினால் தெருவின் மொத்தக் கூட்டுத்தொகை வரும் என்பதைக் கண்டுகொண்டால் போதும். வகுப்பை இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பாதி 1, 3, 6, 10, 15 என்று கூட்டிக்கொண்டே போகட்டும். மறு பாதி 1, 4, 9, 16 என்று வர்க்கங்களை எழுதட்டும். இரண்டு பட்டியலிலும் 36 வரும். அது எட்டாவது கூட்டல், ஆறின் வர்க்கம்: 8 வீட்டுத் தெருவில் 6ஆம் வீடு. 1225இல் மறுபடி சந்திக்கும்: 49 வீடு, 35ஆம் எண்.

ஒரு கூட்டல் பிசகினால் அதற்குப் பின்னால் எல்லாமே பிசகும். 10ஆவது 55, 20ஆவது 210, 30ஆவது 465, 40ஆவது 820 என்று வருகிறதா என இடையிடையே பார்த்துக்கொள்ளுங்கள்.

1, 6, 35 மூன்றும் பலகையில் ஏறியதும் அடுத்தது என்ன என்று கேளுங்கள். ஆறால் பெருக்கி முந்தைய எண்ணைக் கழித்தால் 35 வருவதை யாராவது ஒரு பிள்ளை பார்த்துவிடும். 35ஐ ஆறால் பெருக்கி 6ஐக் கழித்தால் 204. 288 வீடுகள் உள்ள தெரு, இதழ் கேட்ட விடை. அதற்கடுத்த தெருவில் 1681 வீடுகள், 1189ஆம் எண்.