24-ல் வைத்தால் வெக்கை, லோவில் வைத்தால் ஜில்: கம்ப்ரசர் மேல் பழி போடாதீர்கள்

கேள்வி: ஆறு வருஷமான என் காரில் ஆட்டோ ஏசி இருக்கிறது. திருச்சியிலிருந்து மதுரை போகும்போது, மத்தியான வெயிலில் 24-ல் வைத்தால் பத்து நிமிஷத்தில் ஃபேன் வேகம் தானாகவே இறங்கிவிடுகிறது. வரும் காற்றிலும் குளிர் இல்லை. லோவுக்கு இறக்கினால் மட்டும் ஜில்லென்று வருகிறது. இரண்டு முறை கேஸ் ஏற்றியாகிவிட்டது. இப்போது கம்ப்ரசரை மாற்ற வேண்டும், 38,000 ரூபாய் ஆகும் என்கிறார் மெக்கானிக். மாற்றிவிடலாமா?

பதில்: மாற்றாதீர்கள். முன்பணம் கொடுத்திருந்தால் முதலில் அதைத் திரும்ப வாங்குங்கள்.

லோவில் ஜில்லென்று வருகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த மெக்கானிக் அதைக் காதில் வாங்கியிருந்தாலே போதும். பெரும்பாலான வண்டிகளில் லோ என்பது, உள்ளே எத்தனை டிகிரி என்று கணக்குப் பார்க்காமல் முழுக் குளிரையும் திறந்துவிடும் நிலை. கேஸை அழுத்திச் சுற்ற வைக்கும் கம்ப்ரசர் தேய்ந்திருந்தால் அங்கேயும் வெக்கைதான் வரும். கேஸ் குறைந்திருந்தாலும் அப்படியே. லோவில் சரியாக இருந்து 24-ல் மட்டும் சொதப்பினால், குளிர் உண்டாக்கும் பாகங்கள் நன்றாக இருக்கின்றன, கணக்குப் போடும் கம்ப்யூட்டருக்குத் தப்பான தகவல் போகிறது என்று பொருள்.

அந்தத் தகவலை அனுப்புவது சென்சார்கள். உங்கள் விஷயத்தில் நான் முதலில் சந்தேகப்படுவது கேபின் சென்சாரை. ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் டேஷ்போர்டில் சின்னச் சல்லடை போல ஒரு மூடி தெரியும், அதன் பின்னால் இருக்கும். சூடு ஏறினால் அதன் மின்தடை குறையும், குளிர்ந்தால் கூடும். அதன் கனெக்டர் லூஸாகியிருந்தாலோ பச்சைக் களிம்பு பிடித்திருந்தாலோ தடை கூடிப்போகும். கம்ப்யூட்டர் அதைப் பார்த்து, 'உள்ளே நன்றாகக் குளிர்ந்துவிட்டது' என்று நினைத்து ஃபேனைக் குறைக்கும். நீங்கள் சொல்லும் அறிகுறி இதேதான்.

இன்னொன்றும் நடக்கலாம். பல வண்டிகளில் அந்தச் சல்லடை வழியாகக் கேபின் காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்ச ஒரு குட்டி ஃபேனோ மெல்லிய குழாயோ இருக்கும். தூசி அடைத்தாலோ குழாய் கழன்றாலோ, சென்சார் டேஷ்போர்டுக்குள் தேங்கி நிற்கும் காற்றைத்தான் அளக்கும். பக்கத்திலேயே ஏசி குழாய்கள் ஓடுவதால் அந்த இடம் சீக்கிரம் குளிர்ந்துவிடக்கூடும். நீங்களோ சீட்டில் வியர்த்துக்கொண்டிருப்பீர்கள்.

இதைச் சோதிக்க மெக்கானிக் வேண்டாம். ஏசி ஓடும்போது டிஷ்யூ பேப்பரில் ஒரு சின்னத் துண்டைக் கிழித்து அந்தச் சல்லடை மேல் வையுங்கள். ஒட்டிக்கொண்டு நின்றால் காற்று உறிஞ்சுகிறது. கீழே விழுந்தால் அடைப்பாகவோ குழாய் கழன்றதாகவோ இருக்கலாம். அப்புறம், ஃபேன் இறங்கியிருக்கும் நேரத்தில் ஹேர் டிரையரைத் தள்ளிப் பிடித்து, மிதமான சூட்டில் சில விநாடி சல்லடை மேல் காட்டுங்கள். ஃபேன் வேகம் ஏறினால் சென்சாருக்கு உயிர் இருக்கிறது, முதலில் சுத்தம் செய்து பாருங்கள். எவ்வளவு காட்டியும் அசையவில்லை என்றால் கனெக்டரைக் கழற்றிப் பார்க்க வேண்டும். சென்சாரே போயிருந்தாலும், அதன் விலை கம்ப்ரசர் விலைக்குப் பக்கத்தில்கூட வராது.

கேஸ் விஷயத்தைக் கொஞ்சம் கோபத்தோடுதான் சொல்கிறேன். கார் ஏசி கேஸ், பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீர்வதில்லை. மூடிய குழாய்க்குள் அதே கேஸ்தான் திரும்பத் திரும்பச் சுற்றுகிறது. கணிசமாகக் குறைந்திருந்தால் எங்கோ ஒழுகுகிறது, அந்த ஒழுக்கைக் கண்டுபிடிக்காமல் மேலே ஏற்றுவது வெறும் காசு பிடுங்கல். 'தெரிந்த கடை' என்று கூட்டிப்போகிறவருக்கும் அதில் ஒரு பங்கு போகும். பானட்டுக்குள் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் எந்த கேஸ், எத்தனை கிராம் என்று அச்சிட்டிருக்கும். பழைய கேஸை மெஷினில் எடுத்து, குழாய்க்குள் மிச்சமிருக்கும் காற்றையும் உறிஞ்சி (வேக்யூம் போட்டு), அந்த கிராம் கணக்குக்கு ஏற்றுவதுதான் முறை. மீட்டர் முள்ளைப் பார்த்து 'இன்னும் கொஞ்சம்' என்று ஏற்றினால் அளவு மிஞ்சும். வெயிலில் டிராஃபிக்கில் நிற்கும்போது அழுத்தம் எகிறும், பிரஷர் சென்சார் கம்ப்ரசரை நிறுத்திவிடும். உங்களுக்கு இரண்டு முறை ஏற்றியிருக்கிறார்கள். சென்சார் சரியான பிறகு ஒரு தடவை கேஸை வெளியே எடுத்து எடை போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஸ்கேனர் போட்டுப் பார்க்கிறேன் என்று அடுத்த கடைக்காரர் சொல்வார். போடட்டும். ஆனால் மலிவான புளூடூத் ஸ்கேனர்கள் பெரும்பாலும் இன்ஜின் பழுதைக் குறிக்கும் கோடு எண்களை (code) மட்டும்தான் படிக்கும், ஏசி கம்ப்யூட்டருக்குள் போகாது. அதில் ஒன்றும் வரவில்லை என்பதால் சென்சார் நன்றாக இருக்கிறது என்று ஆகிவிடாது. நல்ல ஸ்கேனர் உள்ள கடையாக இருந்தால், ராத்திரி முழுக்க நிழலில் நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் அளவுகளைப் படிக்கச் சொல்லுங்கள். உள்வெப்பம், வெளிவெப்பம், எவாப்பரேட்டர் (காற்றைக் குளிர்விக்கும் பாகம்) மூன்றும் ஏறக்குறைய ஒரே எண்ணைக் காட்ட வேண்டும். ஒன்று மட்டும் பத்துப் பதினைந்து டிகிரி விலகி நின்றால் ஆள் அகப்பட்டுவிட்டது.

வெயில் சென்சார் விஷயத்தில் ஏமாந்துவிடாதீர்கள். விண்ட்ஷீல்டுக்கு அடியில், டேஷ்போர்டு மேல் சின்னக் கறுப்புக் குமிழ் போல இருக்கும். அது வெளிச்சத்தைப் பார்க்கும் சென்சார். டொயோட்டா வண்டிகள் பலவற்றில் ஆட்டோ பட்டனையும் உள்காற்றையே சுழற்றும் பட்டனையும் ஒன்றாக அழுத்திக்கொண்டே இக்னிஷனைப் போட்டால் ஏசி தன்னைத்தானே சோதித்துப் பழுதுக் கோடு எண்ணைக் காட்டும். 00 என்றால் பழுதில்லை, 11 கேபின் சென்சார், 12 வெளிவெப்பம், 13 எவாப்பரேட்டர், 21 வெயில் சென்சார். இதைத் தகர ஷெட்டுக்குள் இருட்டில் செய்தால் நல்ல வண்டியிலும் 21 வரும். வெளிச்சமே விழாத சென்சாரும் வயர் அறுந்த சென்சாரும் அந்தக் கம்ப்யூட்டருக்கு ஒன்றுதான். டியூப்லைட் வெளிச்சமும் போதாது. வண்டியை வெயிலுக்குத் தள்ளி, அந்தக் கோடு எண்ணை அழித்துவிட்டு மறுபடி பார்க்க வேண்டும். டேஷ்போர்டில் பிள்ளையாரையோ துண்டையோ அதன் மேல் வைத்திருந்தால் அதையும் நகர்த்துங்கள். இந்த 21-ஐ நம்பி நல்ல சென்சாரைக் கழற்றிப் போட்ட வண்டிகள் என்னிடம் எத்தனையோ வந்துவிட்டன. வெயிலில் நிறுத்திப் பார்க்காமல் அந்தச் சென்சாரை மாற்றச் சம்மதிக்கவே சம்மதிக்காதீர்கள்.

வயரிங் படத்தையும் அளவுப் பட்டியலையும் கம்பெனிகள் வெளிக்கடைகளுக்குத் தாராளமாகக் கொடுத்திருந்தால் இவ்வளவு குழப்பம் வராது. உதிரிபாகங்களையும் பழுது கண்டறியும் கருவிகளையும் வெளிச்சந்தைக்குத் தராததற்காக, 2014 ஆகஸ்டில் சந்தைப் போட்டியைக் கண்காணிக்கும் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்குச் சேர்த்து 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. இன்றைக்கும் ஒரு சென்சாரின் சரியான கிலோ ஓம் (மின்தடை) அளவுக்காக நான் நாலு பேருக்கு ஃபோன் போட வேண்டியிருக்கிறது. அது கிடைக்காத கடைக்காரர் பாகத்தை மாற்றி மாற்றிப் பார்க்கிறார். பில் உங்களுக்கு வருகிறது.

நாளைக்கே டிஷ்யூ பேப்பரை வைத்துப் பாருங்கள். சென்சாரை மாற்றத்தான் வேண்டும் என்றானால் பழையதைக் கையோடு கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மாற்றிய பிறகு கடை வாசலில் இரண்டு நிமிஷம் ஓட்டிக் காட்டுவதை ஏற்காமல், மத்தியானம் விராலிமலை வரையாவது 24-ல் வைத்து ஓட்டிப் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.