மூளைத்தண்டில் ரத்தக்கசிவு வந்த அம்மாவுக்கு எல்லாம் இரண்டாகத் தெரிகிறது. கண் டாக்டரோ கண் நன்றாக இருக்கிறது என்கிறார். பார்வை சரியாகுமா?

கண் டாக்டர் சொன்னதும் சரி, உங்கள் அம்மா சொல்வதும் சரி. என் அப்பாவுக்கும் இதேதான் நடந்தது. நான் டாக்டர் இல்லை. எட்டு மாதம் அவரோடு ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

ஒருநாள் காலையில் அப்பா காபியை எடுக்கக் கை நீட்டினார். டம்ளருக்குப் பக்கத்தில் வெறும் மேஜையைத் தடவினார். "எதுக்கு ரெண்டு டம்ளர் வச்சிருக்க?" என்று அம்மாவைக் கேட்டார். கிண்டல் செய்கிறார் என்று நாங்கள் சிரித்தோம். குடித்த காபி வலது வாயோரமாக வழிந்தபோதும் எனக்குப் பொறி தட்டவில்லை. கண்ணாடிக் கடைக்குக் கூட்டிப் போனேன். பவர் மாறியிருக்கிறது என்று அளவெடுத்தார்கள். திரும்பி வரும்போது இடது கால் தரையில் இழுபட்டது. அப்புறம்தான் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். பி.பி. 220/120. "தலைசுத்தல்தான் இல்லையே" என்று இரண்டு மாதமாக மாத்திரையை நிறுத்தியிருந்தாராம். சி.டி. ஸ்கேனில் மூளைத்தண்டின் நடுப்பகுதியான பான்ஸில் மிளகளவுக்கு ஒரு வெள்ளைப் பொட்டு. புதுசாகக் கசிந்த ரத்தம் அதில் வெள்ளையாகத்தான் தெரியும்.

அந்தக் கடையில் கழிந்த நேரத்தை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. அரை நிமிட சோதனை ஒன்று எனக்குத் தெரியாமல் போனது. இரண்டாகத் தெரிகிறது என்று யாராவது சொன்னால், ஒரு கண்ணைப் பொத்தச் சொல்லுங்கள், பிறகு மற்றதை. எதைப் பொத்தினாலும் ஒன்றாகிவிட்டால், இரண்டு கண்ணும் ஒரே இடத்தைப் பார்க்கவில்லை என்று அர்த்தம். ஒரு கண்ணைப் பொத்திய பிறகும் இரண்டாகவே இருந்தால், பெரும்பாலும் திறந்திருக்கும் கண்ணிலேயே புரையோ பவர் கோளாறோ இருக்கும். அப்பாவுக்கு முதல் வகை. திடீரென்று அப்படி வந்தால் போக வேண்டிய இடம் எமர்ஜென்சி.

ஒவ்வொரு கண்ணையும் ஆறு தசைகள் இழுக்கின்றன. அவற்றை ஆட்டுவிப்பவை மூன்று நரம்புகள்: மூளை நரம்புகளுக்கு டாக்டர்கள் எண் போட்டிருக்கிறார்கள், அதில் 3, 4, 6. மூன்றுமே மூளைத்தண்டில்தான் தொடங்குகின்றன. 3, 4 மேலே நடுமூளையில், 6 அதற்குக் கீழே பான்ஸில். கண் கேமரா என்றால் இவை அதைத் திருப்பும் கயிறுகள். கண் டாக்டர் பார்த்தது கேமராவை, அறுந்தது கயிறு. 6 போனால் கண் காதுப் பக்கம் திரும்பாது. பக்கத்தில் பக்கத்தில் இரண்டு உருவம் தெரியும், தூரத்துப் பொருளில் இன்னும் மோசம். 4 போனால் மேலும் கீழுமாக இரண்டு. படி இறங்குவதுதான் பெரிய கஷ்டம். 3 போனால் இமையே தொங்கிவிடும்.

மூளைத்தண்டு கட்டைவிரல் பருமன்தான், ஆனால் உள்ளே ஒண்டுக்குடித்தனம் மாதிரி நெரிசல். முகத்தை அசைக்கும் 7-ஆம் நரம்பு, 6-இன் தொடக்கப் புள்ளியைச் சுற்றி வளைந்து போகிறது. கை கால்களுக்கான வழி முன்பக்கம் இறங்கி, இன்னும் கீழே போய்த்தான் எதிர்ப்பக்கம் தாண்டுகிறது. அதனால் வலப்பக்கம் கசிந்தால் வலது கண்ணும் வலது முகமும் விழும். கை கால் மட்டும் இடப்பக்கம். அப்பாவின் கேஸ் ஷீட்டில் இதன் பெயரை 'மிலார்ட்-குப்ளர்' என்று எழுதியிருந்தார்கள். குப்ளர் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1856-லேயே, ஸ்கேன் இல்லாத காலத்தில், இந்தக் குறுக்கு மறுக்கை எழுதி வைத்திருக்கிறார். அப்பா தினமும் நெற்றி நிறைய விபூதி பூசுவார். அதன் வலது பாதி மட்டும் சுவரில் சுண்ணாம்பு அடித்த மாதிரி வழவழவென்று இருந்தது. நெற்றிச் சுருக்கமே அழிந்துவிட்டது. மூளையின் மேல்பகுதியில் வரும் பக்கவாதத்தில் வாய் கோணினாலும் நெற்றி பெரும்பாலும் சுருங்குமாம். டியூட்டி டாக்டர் புருவத்தை உயர்த்தச் சொன்னது ஏன் என்று அப்போதுதான் புரிந்தது.

இனி, சரியாகுமா? பான்ஸில் பெரிதாகக் கசிந்தால் நினைவு தப்பி உயிருக்கே ஆபத்து. அதை மறைக்க மாட்டேன். உங்கள் அம்மா உட்கார்ந்து "ரெண்டா தெரியுது" என்று சொல்கிறாரே, அதுவே நல்ல நிலைதான். நரம்பு நசுங்கியதா, சிதைந்ததா என்பதைப் பொறுத்தது மீதி. ரத்தம் மெல்ல உறிஞ்சப்பட, நசுங்கியது நிமிரும். அப்பாவுக்கு மூன்றாவது வாரம் வரை ஒன்றுமே நடக்கவில்லை. பிறகு வலது கருவிழி ஒரு நூல், இரண்டு நூல் என்று வெளியே வந்தது. ஐந்து மாதம் ஆயிற்று.

அதுவரை ஒரு கண்ணை மறைத்தோம். ஃபிசியோ சொன்னபடி கண்ணாடியின் ஒரு பக்கத்தில் மங்கலான டேப் ஒட்டினோம். ஒரு கண்ணால் பார்க்கும்போது படியின் ஆழம் பிடிபடாது. கைப்பிடி இல்லாமல் இறங்க விடாதீர்கள். பிறகு கண்ணாடியில் ஸ்டிக்கர் மாதிரி ஒட்டும், ஒளியை வளைத்துவிடும் பிரிசம் கொடுத்தார்கள், அது இரண்டு உருவத்தையும் சேர்த்துவிட்டது. கோணம் மாற மாற அதையும் மாற்றினார்கள். ஆறு மாதமாவது காத்திருந்து, கோணம் நிலைத்த பிறகும் மாறுகண் மீதியிருந்தால்தான் ஆபரேஷன் பேச்சு. யூடியூப் கண் பயிற்சிகளில் அப்பா களைத்ததுதான் மிச்சம்.

அம்மாவுக்கும் முகம் ஒரு பக்கம் விழுந்திருந்தால், அந்தப் பக்கத்து இமை முழுதாக மூடுகிறதா என்று ராத்திரி தூங்கும்போது பாருங்கள். மூடாவிட்டால் கருவிழி காய்ந்து புண்ணாகும். சொட்டு மருந்தும், படுக்கும்போது இமையை மூடி டேப்பும் டாக்டரைக் கேட்டு உடனே ஆரம்பியுங்கள். எங்களிடம் இதை யாரும் முதல் வாரத்தில் சொல்லவில்லை.

அப்பாவுக்கு இப்போது கோடி வலப்பக்கம் பார்த்தால் மட்டும் இரண்டு தெரிகிறது. ரோட்டைக் கடக்கும்போது கழுத்தையே திருப்பிக்கொள்கிறார். பி.பி. மாத்திரையை நான் கையில் கொடுத்து, விழுங்கும்வரை நிற்கிறேன்.