வேர்களைத் தேடிப் போகும் குடும்பங்களைப் பற்றிய ஆவணப்படங்களில் உங்களை அதிகம் பாதித்தது எது?

'ட்ரேசஸ் ஆஃப் த ட்ரேட்', 2008இல் வந்த அமெரிக்கப் படம். பூர்வீகம் தேடிக் கடல் கடந்து போகிறவர்கள் பழைய வீட்டையோ தூரத்துச் சொந்தத்தையோ கண்டு கண்கலங்குவதைத்தான் நிறையப் பார்த்திருக்கிறேன். இந்தக் குடும்பம் தேடிப் போனது முன்னோர் செய்த கொடுமையை.

ரோட் ஐலண்ட் மாநிலத்தின் பிரிஸ்டல் ஊரில் டிவுல்ஃப் என்றால் பெரிய குடும்பம். ஜேம்ஸ் டிவுல்ஃப் செனட்டராகவே இருந்தவர். 1769 முதல் 1820 வரை இவர்கள் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஆப்பிரிக்கர்களை அடிமைகளாகக் கப்பலில் ஏற்றி விற்றார்கள். அந்த வம்சத்தில் வந்தவர்தான் இயக்குநர் காட்ரினா பிரவுன். பாட்டி எழுதிய குடும்ப வரலாற்றைப் படித்தபோதுதான் அவருக்கு அது உறைத்தது. சொந்தக்காரர்கள் 200 பேரைக் கூப்பிட்டார். ஒன்பது பேர் வந்தார்கள்.

அந்தக் காலக் கப்பல்கள் போன வழியிலேயே பிரிஸ்டல், கானா, கியூபா என்று போகிறார்கள். பிரிஸ்டலில் காய்ச்சிய ரம் ஆப்பிரிக்காவுக்குப் போகும். அதைக் கொடுத்து மனிதர்களை வாங்குவார்கள். அவர்களைக் கொண்டுபோய்க் கரும்புத் தோட்டங்களில் விற்பார்கள். அங்கிருந்து கரும்புப்பாகு பிரிஸ்டலுக்கு வரும், மறுபடியும் ரம் காய்ச்ச. கியூபாவில் குடும்பத்துக்குச் சொந்தத் தோட்டங்களும் உண்டு. ஊரில் சாதாரணக் கடைக்காரர்கள்கூடக் கப்பல் பயணங்களில் பங்கு போட்டிருக்கிறார்கள். அதைக் கேட்டபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு பணக்காரக் குடும்பத்தின் பாவம் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன், ஊரே அதில் சாப்பிட்டிருக்கிறது.

கானாவில் அடிமைகளை அடைத்து வைத்த கோட்டையின் நிலவறையைப் பார்த்த பிறகு, வந்தவர்களில் ஒருவர் சொல்கிறார்: இது தீமை என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது, தெரிந்தேதான் செய்தார்கள். 'அந்தக் காலம் அப்படி' என்ற சமாதானம் அதற்கு மேல் என்னிடம் எடுபடவில்லை. அப்புறம் இவர்கள் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருக்கும் காட்சிகள் நிறைய. சிலருக்கு இழுவையாக இருக்கலாம். எனக்கு அதுதான் படத்தின் உயிர்.

இன்றும் மனசை விட்டுப் போகாதது ஒரு குழந்தைப் பாட்டு. ஜேம்ஸ் டிவுல்ஃப் தன் மனைவிக்குக் கிறிஸ்துமஸ் பரிசாக இரண்டு ஆப்பிரிக்கக் குழந்தைகளைக் கொடுத்தார். ஆட்ஜுவா, போலிடோர். அந்த இரண்டு பெயரையும் வைத்து ஒரு பாட்டு கட்டி, நாம் பிள்ளையை மடியில் போட்டுப் பாடுவதுபோல அந்தக் குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாகப் பாடி வந்திருக்கிறார்கள்.