பிரித்துப் பூட்டிய ஷ்ரெட்டர் தாளை இழுக்கவில்லையா?

கேள்வி: தாளைச் சிறு துணுக்குகளாக வெட்டும் ஷ்ரெட்டர் ஒன்று வைத்திருக்கிறேன். தூள் அடைத்துக்கொண்டதால் வெட்டும் உருளைகள் இரண்டையும் வெளியே எடுத்துத் துடைத்து, மீண்டும் பூட்டினேன். இப்போது மோட்டார் ஓடினாலும் தாள் உள்ளே போக மறுக்கிறது. உரசும் சத்தமும் கேட்கிறது. எந்தப் பாகத்தை மாற்ற வேண்டும்? எண்ணெய் எப்படி விடுவது?

பதில்: பெரும்பாலும் எதையும் மாற்ற வேண்டியிருக்காது. பிரிக்கும் வரை வெட்டிக்கொண்டிருந்த இயந்திரம் பூட்டிய பிறகு வெட்டவில்லை என்றால், பாகங்கள் உட்கார்ந்திருக்கும் வரிசையையும் திசையையும்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

வெட்டுத் தகடுகளின் பற்கள் கொக்கி போல ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். இரு உருளைகளும் எதிரெதிராக, உட்புறம் நோக்கிச் சுழலும்போது கொக்கிகளின் நுனி முன்னால் வந்து தாளைக் கவ்வ வேண்டும். உருளைகள் ஒன்றுக்கொன்று இடம் மாறினாலோ, ஒன்று தலைமாறிப் பொருந்தினாலோ நுனி பின்பக்கம் திரும்பிவிடுவதால் தாள் வழுக்கும். மோட்டாருக்குச் செல்லும் வயர்களை மாற்றி இணைத்திருந்தாலும் தாள் உள்ளே போகாது. இரண்டில் எது என்று அறிய, சுவிட்சை ரிவர்ஸில் வைத்துத் தாளைக் கொடுங்கள்: அப்போது இழுத்து ஒழுங்காக வெட்டினால் வயர்தான் மாறியிருக்கிறது, இரு திசையிலும் வெட்டவில்லை என்றால் உருளைகளைப் பாருங்கள்.

உரசலுக்குக் காரணம், தகடுகளுக்கு இடையே நுழைந்து நின்று துணுக்குகளைத் தள்ளிவிடும் சீப்பு போன்ற பிளாஸ்டிக் பாகங்களாக இருக்கலாம். அவற்றில் ஒன்று தன் பள்ளத்தை விட்டு அடுத்த பள்ளத்தில் உட்கார்ந்தாலே தகடு அதைச் சுரண்டத் தொடங்கும். உருளையிலிருந்து தகடுகளையும் உருவியிருந்தால் வேலை கடினம். ஏனெனில் எல்லாப் பற்களும் ஒரே நொடியில் கடிக்காமல் சுமை பரவ வேண்டும் என்பதற்காகத்தான் அவை சுருள் வரிசையில் கோக்கப்பட்டிருக்கின்றன, அந்த வரிசை கலைந்தால் மோட்டார் திணறும். அடைப்பு நீக்க அவ்வளவு தூரம் பிரிக்கத் தேவையே இல்லை. உருளைகளை இருந்த இடத்திலேயே விட்டு, பிரஷ்ஷாலும் சிறு இடுக்கியாலும் தூளை எடுத்தால் போதும் என்பது என் கருத்து.

மூடுவதற்கு முன், பிளக் வெளியே இருக்கும்போதே, மோட்டார் அச்சைக் கையால் சுற்றிப் பாருங்கள்; பல்சக்கரங்கள் வேகத்தைக் குறைப்பதால் உருளையைப் பிடித்துத் திருப்புவது கடினம். உருளை ஒரு முழுச் சுற்று வரும்வரை எங்கும் இறுக்கம் தட்டக் கூடாது. வயர் எதுவும் பல்சக்கரத்தின் அருகே தொங்கவும் கூடாது. பிளாஸ்டிக்கில் இறங்கும் ஸ்க்ரூவை நேரடியாக முறுக்காமல், முதலில் இடப்பக்கமாக மெதுவாகத் திருப்பினால் 'டக்' என்று பழைய மரையில் விழும். அதன் பிறகு இறுக்கினால் மரை அழியாது. நீளம் வேறுபட்ட ஸ்க்ரூக்களை அவை இருந்த துளையிலேயே போடுங்கள்.

எண்ணெயைப் பொறுத்தவரை, ஷ்ரெட்டருக்கென விற்கப்படும் எண்ணெயை ஒரு தாளின் மேல் வளைந்து வளைந்து கோடாக விட்டு, அந்தத் தாளை வெட்டக் கொடுத்து, பிறகு சில நொடிகள் ரிவர்ஸில் ஓட்டுங்கள். அதிகமாக விட்டால் தூளோடு சேர்ந்து பசையாகிவிடும். ஸ்ப்ரே டப்பாக்களை, காற்று அடிக்கும் டப்பா உட்பட, அருகில் கொண்டுவராதீர்கள். பலவற்றில் இருப்பது எளிதில் தீப்பற்றும் வாயு, மோட்டாரின் கார்பன் பிரஷ்ஷிலோ தீப்பொறி பறக்கும். பல்சக்கரங்களுக்குச் சிறிதளவு கிரீஸ் போதும்.

கேள்வி: என் ஷ்ரெட்டர் தாள் போடாமலேயே ஓடிக்கொண்டிருக்கிறது. சில நாட்களில் அறவே ஓடுவதில்லை. ஏன்?

பதில்: வாயின் இரு பக்கமும் எதிரெதிரே உள்ள அகச்சிவப்பு சென்சாரைத் தூள் மறைத்தால், தாள் இருப்பதாகவே இயந்திரம் நினைத்துக்கொள்ளும், பிளக்கை எடுத்துவிட்டு உலர்ந்த பஞ்சுக் குச்சியால் துடையுங்கள். ஓடாத நாளில், கூடை சரியாக உட்கார்ந்து அதன் நீட்டல் பாதுகாப்பு சுவிட்சை அழுத்துகிறதா என்று பாருங்கள். அந்த சுவிட்சை டேப் ஒட்டி ஏமாற்றக் கூடாது. தொடர்ந்து சில நிமிடங்கள் ஓட்டிய பிறகு நின்றிருந்தால் மோட்டார் சூடாகித் தானே துண்டித்துக்கொண்டிருக்கும். அரை மணி நேரமாவது ஆறவிடுங்கள்.