மலையடி வீட்டில் செயற்கைக்கோள் சிக்னல்

கேள்வி: வேலூர் சத்துவாச்சாரியில் மலையை ஒட்டி எங்கள் வீடு. டிடி ஃப்ரீ டிஷ் தெளிவாக வருகிறது. ரஷ்யாவின் மீட்டியோர் வானிலைக்கோள் தலைக்கு மேலே போகும்போதுகூட, சிக்னல் பாதி நேரம்தான் கிடைக்கிறது. ஆன்டெனாவைப் பத்து அடி உயர்த்தலாமா?

பதில்: உயர்த்திப் பயனில்லை. 600 மீட்டர் தள்ளி 200 மீட்டர் உயர மலை இருந்தால் அடிவானத்திலிருந்து 18 டிகிரி உயரம்வரை வானம் மறையும். பத்து அடிக் கம்பம் அதில் கால் டிகிரியைத்தான் மீட்கும்.

உங்கள் டிஷ் பார்க்கும் ஜிசாட்-15 செயற்கைக்கோள், வேலூரில் அடிவானத்திலிருந்து சுமார் 67 டிகிரி உயரத்தில் அசையாமல் நிற்கிறது. மலை அதை மறைக்காது. மீட்டியோர் ஏறக்குறைய 820 கி.மீ. உயரத்தில் வடக்கு தெற்காக ஓடுகிறது. திறந்த வெளியில், உச்சி வழியாகப் போகும்போது 15 நிமிடம் தெரியும். வடக்கில் 20 டிகிரி மறைந்தால் 4 நிமிடம் போச்சு. தெற்கிலும் மறைந்தால் பாதி நேரம்தான் மிஞ்சும். மலை கிழக்கிலோ மேற்கிலோ இருந்தால் உச்சி வழிக்குப் பாதிப்பில்லை, ஓரமாகப் போகும்போதுதான் இழப்பு.

ஆன்டெனா இருக்கும் இடத்தில் நின்று, 30 டிகிரிக்கு ஒரு முறை திரும்பி, மலை விளிம்பின் கோணத்தைச் செல்போனில் அளந்து குறியுங்கள். விளிம்புக்கு மேலே கோள் வந்த பிறகும் சிக்னல் உடைந்தால் மலை காரணமில்லை. இன்வெர்ட்டரையும் எல்இடி விளக்குகளையும் அணைத்துப் பாருங்கள். மீட்டியோர் சிக்னல் வரும் 137 மெகாஹெர்ட்ஸில் அவற்றின் இரைச்சல் பலமாக விழும்.